கொட்டியாரக்குடாவின் ஆழம்: திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

திருகோணமலைக்கு அருகே மூதூரிலிருந்து கடற்றொழிலுக்குப் போகும் தம்பி ஒருவர் இங்கே கேட்டிருப்பது மூன்று விடயங்கள். புதிதாக வாங்கிப் பூட்டிய மீன்காட்டிக் கருவி, கொட்டியாரக்குடாவின் வாயை நெருங்கும்போது 40 மீற்றரிலிருந்து 180 மீற்றருக்குத் தாவி, பிறகு எண்ணே இல்லாமல் வெறும் கோடுகளைக் காட்டுகிறது; கருவி பழுதா? இன்னும் வெளியே, மாலையில் 300 மீற்றர் காட்டிய அதே இடத்தில் இருட்டிய பிறகு 70 மீற்றர் காட்டுகிறது, எதை நம்புவது? கைப்பேசியில் பார்த்தால் அந்தப் பள்ளம் முழுவதும் நீல நிறத்தில் தெளிவாகத் தெரிகிறதே, புதிய தொழில்நுட்பத்தால் கடலின் அடியை முழுவதுமாகப் பார்த்துவிட்டார்களா? கோணேசர் கோவில் பாறையிலுள்ள இராவணன் வெட்டுக்கு நேரே கடலுக்கு அடியே இல்லை என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது, உயிரை நம்பிக் கடலுக்குப் போகிறவன் அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன். 20 வருடங்களுக்கு மேலாகக் கடலளவைப் படகுகளில் வேலை செய்தேன். பெரும்பகுதி வளைகுடா நாடுகளின் துறைமுகங்களில், தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் ஆழம் பார்க்கும் வேலை. என் கை பழகிய ஆழம் 200 மீற்றருக்கு உட்பட்டது. அதற்குக் கீழே உள்ளதைப் பற்றி எழுதுவது படித்தும் சக தொழிலாளர்களிடம் கேட்டும் அறிந்தது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கருவி ஆழத்தை அளப்பதில்லை. நேரத்தைத்தான் அளக்கிறது. அந்தக் கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிமலைக்குக் கீழே படகை நிறுத்திக் கூவினால் பாறை திருப்பிக் கூவும் அல்லவா? கூவியதற்கும் திரும்பக் கேட்டதற்கும் இடையில் 1 வினாடி ஆனால், பாறை ஏறத்தாழ 170 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாக, வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடுகிறது. அதே 1 வினாடிக்கு அங்கே 750 மீற்றர் ஆழம். கருவி ஒரு ஒலித்துடிப்பைக் கீழே அனுப்புகிறது, எதிரொலி வரும்வரை எண்ணுகிறது, வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுக்கிறது. நேரத்தை அது அனேகமாகப் பிழையில்லாமல் எண்ணும். ஆனால் எந்த வேகத்தால் பெருக்கியது, எந்தத் திசையிலிருந்து வந்த எதிரொலியைப் பிடித்தது, அந்த நொடியில் படகு எங்கே எப்படிச் சாய்ந்து நின்றது? பிழை அனைத்தும் இந்த மூன்றில்தான் புகுகிறது. கடந்த 100 வருடங்களில் இந்தத் தொழில் கண்ட முன்னேற்றத்தின் பெரும்பங்கும் இந்த மூன்றையும் சரியாக அறிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

இனி உங்கள் 40 மீற்றரும் 180 மீற்றரும். கொட்டியாரக்குடா சாதாரணக் குடா இல்லை. வெளியே வங்காள விரிகுடாவின் பேராழத்திலிருந்து மேலேறி வரும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கின் தலை, குடாவுக்குள்ளேயே நுழைந்து கிடக்கிறது. எனவே சேறும் மணலுமான தரைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும் படகு, சிறிது தூரத்திலேயே மலைச்சரிவின் விளிம்பைத் தாண்டிவிடுகிறது. 200 கிலோஹேர்ட்ஸ் ஒலி, அதாவது வினாடிக்கு 2 இலட்சம் முறை அதிரும் ஒலி, அவ்வளவு ஆழம் போய்த் திரும்புவதற்குள் தண்ணீரே அதன் பெரும்பங்கை விழுங்கிவிடும்; சிறிய கருவிகளில் சில நூறு மீற்றருக்குள் அது ஓய்ந்துபோகும். 50 கிலோஹேர்ட்ஸ் இன்னும் கீழே போகும். கருவி எண்ணை விட்டுக் கோடுகளைக் காட்டினால், எதிரொலி கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அது பழுது இல்லை. எனக்கு அந்தக் கோடுகளைவிட நடுவில் வந்த 180தான் கூடுதல் ஐயத்தைத் தருகிறது. 50 கிலோஹேர்ட்ஸில் இத்தகைய சிறு கருவிகளின் ஒலி, நேர்கீழே ஒரு நூல் போல் இறங்குவதில்லை. 40 பாகைக்கு மேல் விரிந்த கூம்பாக இறங்கும். 100 மீற்றர் ஆழத்தில் அந்தக் கூம்பின் அடி 70 மீற்றருக்குக் குறையாத வட்டம். அந்த வட்டத்துக்குள் எது மிக அருகில் இருக்கிறதோ அதன் எதிரொலிதான் முதலில் வரும். கருவி அதையே அடி என்று எழுதும். சரிவின் மேலே நிற்கும்போது அருகில் இருப்பது பக்கச் சுவர். ஆகவே படகுக்கு நேர்கீழே 180 மீற்றரைவிடக் கூடுதலான ஆழம் இருந்திருக்க வேண்டும். சரிவுகளில் மீன்காட்டி எப்போதும் ஆழத்தைக் குறைத்தே சொல்லும்; கூட்டிச் சொல்லாது. இது உறுதி.

இருட்டிய பிறகு தெரிந்த 70 மீற்றருக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். படகு நீரோட்டத்தில் சிறிது இழுபட்டு, விளிம்பின் மேல் வந்திருக்கலாம். செங்குத்தான இடத்தில் 100 மீற்றர் நகர்வும் பெரிய மாற்றம். இரண்டாவது, பொய்யான எதிரொலி. கருவி ஒரு துடிப்பை அனுப்பிக் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, அடுத்த துடிப்பை அனுப்புகிறது. உதாரணமாக, 400 மீற்றர் வரைக்கும் மட்டும் காத்திருக்கும்படி அது இருந்து, உண்மை ஆழம் 470 மீற்றர் என்றால், முதல் துடிப்பின் எதிரொலி இரண்டாவது துடிப்பு கிளம்பிய பிறகு வந்து சேரும். கருவிக்கு அது யாருடைய எதிரொலி என்று தெரியாது. 70 மீற்றர் என்று எழுதிவிடும். மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ல், கலிபோர்னியாக் கடலில் ஒலியால் ஆய்வு செய்தவர்கள் சில நூறு மீற்றர் ஆழத்தில் ஓர் அடித்தளம் இருப்பதைக் கண்டார்கள். இருக்கக் கூடாத இடத்தில் இருந்த அடித்தளம். 1945ல் மார்ட்டின் ஜோன்சன் என்ற உயிரியலாளர், அது பகலில் கீழே இருந்து இரவில் மேலேறி வருகிறது என்று காட்டினார். அது தரை இல்லை, உயிர்களின் கூட்டம். சிறிய விளக்குமீன்களும் இறால் இனங்களும் கணவாயும் பகல் வெளிச்சத்துக்கு அஞ்சி ஆழத்தில் கிடந்து, இருட்டியதும் இரை தேடி மேலே வருகின்றன. அவற்றில் மீன்களின் காற்றுப்பைகள் ஒலியைத் தரைபோலவே திருப்பி அனுப்பும். நம் பள்ளத்தின் மேலும் அந்தப் படை தினமும் ஏறி இறங்குகிறது.

மூன்றையும் பிரித்தறியலாம். கருவியின் ஆழ எல்லையை மாற்றிப் பாருங்கள். எல்லையை மாற்றியதும் 70 வேறு எண்ணாகிவிட்டால் அது பொய் எதிரொலி. உண்மையான தரை நகராது. சூரியன் மறைந்ததிலிருந்து ஒரு மணித்தியாலம் திரையைக் கவனித்து, தடித்த, பஞ்சுபோன்ற ஒரு பட்டை மெல்ல மெல்ல மேலேறி வந்தால் அது உயிர்ப்படை. ஜிபிஎஸ் புள்ளி நகர்ந்திருந்தால் படகு இழுபட்டது.

இனி வேகம். 1826ல் ஜெனீவா ஏரியில் கொலாடோனும் ஸ்டூர்மும் தண்ணீருக்குள் மணியடித்து, பல கிலோமீற்றர் தள்ளிக் கேட்டு, வினாடிக்கு 1435 மீற்றர் என்று அளந்தார்கள். அது குளிர்ந்த நன்னீர். நம் கடலின் மேல்நீர் 28 பாகை வெப்பத்தில், உப்போடு, 1540 மீற்றர் அளவுக்கு வேகம் தருகிறது. கீழே போகப்போகக் குளிரும். குளிரக் குளிர வேகம் குறையும். 1000 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் சிறிது ஏற்றிக் கொடுத்தும் 1495 மீற்றர் அளவில்தான் நிற்கும். வாடைக்காலத்தில் மகாவலி பெருகி வந்து கொட்டியாரத்தில் விழும்போது மேலே ஒரு நன்னீர்ப் படலம் மிதக்கும். அதே வெப்பத்தில் நன்னீரில் வேகம் 1504 மீற்றர்தான். சிறிய கருவிகள் பெரும்பாலும் இதையெல்லாம் பார்ப்பதில்லை. 1500 மீற்றர் அளவில் ஒரே எண்ணை வைத்துப் பெருக்குகின்றன. அதனால் குடாவுக்குள் 40 மீற்றர் ஆழத்தை அவை 39 மீற்றர் என்று காட்டும். மீன்பிடிக்கு இது ஒன்றும் இல்லை. 14 மீற்றர் அமிழ்ந்து வரும் கப்பலுக்குக் கீழே அரை மீற்றர் தண்ணீரை நம்பி வழிவிடும் துறைமுகத்துக்கு இது பெரிய விடயம்.

வேகத்தின் அருமையை நான் ஒரு பிழை செய்துதான் கற்றேன். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் கால்வாய் தூர்வாரிய பிறகு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் ஒருமுறை ஒலிவேகமானியை இறக்கி அளந்துவிட்டு, நாள் முழுவதும் அதே அளவை வைத்துக் கோடு கோடாக ஓடினேன். நேரம் போகப்போக மேல்நீரின் வெப்பம் மாறிக்கொண்டே போனதை நான் பொருட்படுத்தவில்லை. மாலையில் கணினியில் தரவைச் சேர்த்தபோது, ஒவ்வொரு கோட்டின் இரு ஓரமும் நனைந்து காய்ந்த பாயின் ஓரம்போல மேலே சுருண்டிருந்தது. இரண்டு கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் 30 சென்ரிமீற்றர் உயர வரம்புகள், வயல்போல வரிசையாக. தூர்வாரும் கப்பலை மறுபடி அழைத்து அந்த வரம்புகளை வெட்டச் சொல்லியிருப்பார்கள். என்னோடு இருந்த மூத்தவர் ஒருவர் திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வேகமானியை எடுத்து மறுபடி தண்ணீரில் இறக்கினார். புது அளவை இட்டதும் பாய் விரிந்து தட்டையானது. அன்றிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்காமல் நான் அளவை செய்ததில்லை.

அந்த ஓரங்கள் சுருண்டதற்குக் காரணம், நாங்கள் பாவித்தது பல்கதிர் எதிரொலிமானி. உங்கள் கருவி ஒற்றைக் கூம்பு. படகுக்கு நேர்கீழே ஓர் எண். பல்கதிர்மானி, படகின் ஓட்டத்துக்குக் குறுக்கே விசிறிபோல ஒலியை விரித்து அனுப்பி, திரும்பி வருவதை 1 பாகை அளவே உள்ள மெல்லிய கதிர்களாகப் பிரித்துக் கேட்கிறது. இதன் மூல யோசனை வானத்திலிருந்து வந்தது: அவுஸ்திரேலிய வானொலி வானியலாளர் பேர்னாட் மில்ஸ் 1950களில் அமைத்த சிலுவை வடிவ அலைவாங்கி. கடலில், நெடுக்கே ஒரு வரிசை அனுப்பும், குறுக்கே ஒரு வரிசை கேட்கும். இரண்டும் வெட்டும் சிறு கட்டம் மட்டும் தெளிவாகத் தெரியும். அமெரிக்கக் கடற்படை 1960களிலேயே இதைக் கடலுக்குக் கொண்டுவந்து இரகசியமாக வைத்திருந்தது. 1977ல் பிரான்சின் ஜான் ஷார்கோ என்ற ஆய்வுக்கப்பலில் 16 கதிர்களோடு பொது ஆய்வுக்கு வந்தது. இன்று ஒரு துடிப்புக்குப் பல நூறு ஆழப்புள்ளிகள், நல்ல தரையில் ஆழத்தைப்போல ஐந்து மடங்கு அகலம் வரை. 30 மீற்றர் ஆழத்தில் ஒரு கதிரின் அடி அரை மீற்றர்தான். துறைமுக அடியில் கிடக்கும் ஒரு லொறி டயரைப் பார்த்து இது டயர் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே 1 பாகைக் கதிர் 4000 மீற்றர் ஆழத்தில் 70 மீற்றர் அகலமாகிவிடும். புதிய தொழில்நுட்பம் கடலின் அடியைப் படம்பிடித்துவிட்டது என்று யாராவது சொன்னால், எத்தனை மீற்றர் ஆழத்தில் என்று கேளுங்கள்.

கதிர் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் படகு ஆடினால் அதுவும் ஆடும். 100 மீற்றர் ஆழத்தில், பக்கவாட்டில் 60 பாகை சாய்ந்து போகும் கதிரில், படகின் சாய்வை 1 பாகை பிழையாக எடுத்தால் ஆழம் 3 மீற்றர் பிழைக்கும். இன்றைய அசைவுமானிகள் பாகையில் 50ல் ஒரு பங்கு வரை உணர்கின்றன; அதே பிழை 6 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. அப்படியும் ஒவ்வொரு வேலைக்கு முன்னும் ஒரு சடங்கு உண்டு. சரிவான ஒரு தரையைத் தேர்ந்து, ஒரே கோட்டில் போய், திரும்பி, அதே கோட்டில் எதிர்த்திசையில் வருவோம். இரண்டு முறையும் சரிவு ஒரே இடத்தில் விழுந்தால் உணரி நேராகப் பூட்டப்பட்டிருக்கிறது. விழாவிட்டால், எத்தனை பாகை கோணல் என்பது அந்த விலகலிலிருந்தே தெரியும். கடலளவைக்காரனின் நேர்மையை அந்தப் போய்வரும் கோட்டில் பார்க்கலாம் என்று எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் சொல்வார். இன்று தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆழத்தோடு, அந்த ஆழத்தில் எவ்வளவு ஐயம் என்பதையும் சேர்த்தே எழுதுகின்றன. கதிர்களின் எண்ணிக்கை கூடியதைவிட இந்த ஐயக்கணக்கு வந்ததைத்தான் நான் பெரிய முன்னேற்றமாக மதிக்கிறேன்.

ஒலி ஆழத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. அந்தக் காலத்தில் ஆறடிப் பாகக்கணக்கில் கயிறு விட்டு ஆழம் பார்த்தபோது, ஈயக்குண்டின் அடியில் குழி செய்து கொழுப்பைப் பூசி இறக்குவார்கள். ஒட்டிக்கொண்டு வருவது சேறா, மணலா, சிப்பித் தூளா என்று பார்த்து, எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். இன்று திரும்பி வரும் எதிரொலியின் வலிமை அந்த வேலையைச் செய்கிறது. கல்லும் பாரும் உரத்துத் திருப்பும், சேறு முனகும். உங்கள் கருவியிலேயே இதைப் பார்க்கலாம்: ஆழம் குறைந்த இடத்தில் தரைக்கோட்டுக்குக் கீழே, இரட்டிப்பு ஆழத்தில் இரண்டாவது கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தால், கீழே இருப்பது கல். விளைமீனும் கலவாயும் தேடுகிறவருக்கு ஆழ எண்ணைவிட அந்த இரண்டாவது கோடு பயன்படும்.

இனி உங்கள் கைப்பேசியின் நீலப் படம். அது பொய் இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி அளந்தது இல்லை. கடலடியில் 2000 மீற்றர் உயர மலை ஒன்று இருந்தால், அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள நீரை இழுத்து, கடலின் மேற்பரப்பை ஏறத்தாழ 2 மீற்றர் உயர்த்தி வைக்கும். அந்தத் திட்டை செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்து அளந்து, கீழே மலை இருக்கிறது என்று கணிக்கின்றன. 1997ல் ஸ்மித்தும் சாண்ட்வெலும் இந்த வழியில் உலகக் கடல் முழுவதற்கும் ஆழப்படம் தந்தார்கள். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வொட் செயற்கைக்கோள் அதைவிட நுணுக்கமாகப் பார்க்கிறது. இருந்தாலும் இம்முறையில் தெரிவது கிலோமீற்றர் கணக்கான வடிவங்கள்தான். உலகக் கடலடியைப் பொறுத்தவரை, எதிரொலியால் முறைப்படி அளந்து பொதுத் தொகுப்பில் சேர்ந்திருப்பது 2017ல் 6 வீதம். 2025 ஜூனில் 27.3 வீதம். 2030க்குள் முடிப்போம் என்று தொடங்கிய உலகத் திட்டத்தின் கணக்கு இது. அந்தத் திட்டமும் 1500 மீற்றருக்குக் குறைந்த ஆழத்தில் 100 மீற்றருக்கு ஒரு புள்ளி இருந்தால் அளந்ததாக எடுத்துக்கொள்கிறது. 2005ல் குவாம் தீவுக்குத் தெற்கே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று கடலடி மலையில் முழுவேகத்தில் மோதி ஒரு மாலுமி உயிரிழந்தார். 2021ல் தென்சீனக் கடலில் இன்னொன்று மோதியது. உலகின் மிகச் செல்வம் படைத்த கடற்படைக்கே இந்த நிலை என்றால், கைப்பேசிப் படத்தை நம்பி நங்கூரம் போடாதீர்கள்.

நம் பள்ளத்தாக்கைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். அது குடாவுக்குள் தொடங்குகிறது. ஆயிரம் மீற்றர்களைத் தாண்டி இறங்குகிறது. அதனால்தான் நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே தெரிகின்றன. அடியே இல்லை என்று பெரியவர்கள் சொன்னது, கையிலிருந்த கயிறு முடிந்துபோன இடத்திலிருந்து சொன்னது. கயிற்றளவில் அது உண்மை. எப்படி உண்டானது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. பூமியின் பழைய பிளவுக்கோடு ஒன்றில் அது அமைந்திருக்கிறது என்பது ஒரு பக்கம். மகாவலி கொண்டுவந்து கொட்டும் மணலும் சேறும் அவ்வப்போது சரிந்து ஓடி அதை அறுத்திருக்கின்றன என்பது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்பது என் ஊகம். நான் புவியியலாளன் இல்லை.

இதில் அறிவு ஆர்வத்துக்கு மேலே ஒரு காரணம் எனக்கு உண்டு. 2004 டிசம்பர் 26ஐ நம் கரை மறக்கவில்லை. சுனாமி அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம்: 4000 மீற்றரில் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல், 10 மீற்றரில் 36 கிலோமீற்றர். ஆழம் மாறும் இடமெல்லாம் அலை வளைகிறது. ஓரிடத்தில் குவிகிறது, இன்னோரிடத்தில் சிதறுகிறது. பிளவு நடந்த சுமாத்திராக் கடலடியை 2005 தொடக்கத்திலேயே பிரித்தானியக் கடற்படையின் ஸ்கொட் என்ற கப்பல் பல்கதிர்மானியால் வரைந்தது. அலை கிளம்பும் இடத்தை வரைந்தால் மட்டும் போதாது. வந்து சேரும் கரையும் வரையப்பட வேண்டும். கொட்டியாரக்குடாவின் பள்ளம் எந்தக் கிராமத்துக்கு வரும் அலையை எவ்வளவு கூட்டும், எதற்குக் குறைக்கும் என்று கணக்கிட, கரையோர ஆழம் சில பத்து மீற்றர் நுணுக்கத்தில் வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் செலவை நான் செலவாக நினைப்பதில்லை.

அண்மைக்கால மாற்றங்களில் நமக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். ஆளில்லாப் படகுகள் வந்துவிட்டன. மாதக்கணக்கில் கடலில் நின்று பல்கதிர்மானியைச் சுமந்து திரிகின்றன. பெரிய கப்பலின் நாள்வாடகை இல்லாமல் ஆழம் பார்க்க இது ஒரு வழி. தரைக்கு அருகில் தானே நீந்திப்போகும் கருவிகளில் பூட்டும் கூட்டுத்துளைச் சோனார், அடுத்தடுத்த துடிப்புகளைச் சேர்த்து ஒரு நீண்ட உணரிபோல நடந்துகொண்டு, சில சென்ரிமீற்றர் நுணுக்கத்தில் படம் தருகிறது. ஆனால் தண்ணீருக்குள் ஜிபிஎஸ் எட்டாது. படம் தெளிவாக இருந்தாலும் அது எந்த இடத்துப் படம் என்பதில் பிழை புகுந்துவிடும். ஆழம் குறைந்த தெளிந்த நீரில், புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பார் போன்ற இடங்களில், ஒலியே தேவைப்படாமல் போகலாம். 2018ல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர், தெளிந்த நீரில் 40 மீற்றர் வரைகூடத் தரையைத் தொட்டுத் திரும்புகிறது. மகாவலி கலங்கி ஓடும் மார்கழியில் அது கொட்டியாரத்தில் ஒன்றும் பார்க்காது.

ஒலியை இவ்வளவு புகழ்ந்த பிறகு, அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை. 2008ல் மடகஸ்காரின் உப்பேரி ஒன்றுக்குள் ஏறத்தாழ 100 முலாம்தலைத் திமிங்கிலங்கள் புகுந்து சிக்கின, பெரும்பாலானவை இறந்தன. 2013ல் வெளியான சுயாதீன ஆய்வுக்குழு அறிக்கை, கரைக்கு வெளியே கடலில் பாவிக்கப்பட்ட 12 கிலோஹேர்ட்ஸ் பல்கதிர்மானியே பெரும்பாலும் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்றது. ஒரே நிகழ்வை வைத்து எல்லா அளவையும் தீங்கு என்று சொல்ல முடியாது. உங்கள் கருவியின் மெல்லிய ஒலியை அதோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் திமிங்கிலங்கள் நடமாடும் நம் பள்ளத்தில் பெரிய கப்பலைக் கொண்டுவந்து ஆழம் பார்ப்பவர்கள், பருவம் பார்த்து, கண்காணிப்பாளரை வைத்துச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. சோளகக் காற்று அடங்கிய ஒரு காலையில், உட்துறைமுகத்தில் அலையில்லாத இடத்தில் படகை நிறுத்துங்கள். நீளாத கயிற்றை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு 5 மீற்றருக்கு ஒரு முடிச்சு இட்டு, ஒரு முனையில் தட்டையான இரும்புத் தகட்டைக் கிடையாகத் தொங்கும்படி கட்டி, உணரிக்கு நேர்கீழே 5, 10, 15, 20 மீற்றருக்கு இறக்குங்கள். தகடு திரையில் தனிக்கோடாகத் தெரியும். ஒவ்வொரு ஆழத்திலும் கருவி என்ன காட்டுகிறது என்று எழுதிவைத்தால், உங்கள் கருவியின் பிழை உங்கள் கையில் இருக்கும். உணரி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதையும் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். பலர் விடும் பிழை அது. கருவியில் ஆழத்தையும் ஜிபிஎஸ் இடத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பதியும் வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். உங்களைப்போன்ற படகுகள் தொழிலுக்குப் போய்வரும் வழியில் பதிந்த ஆழங்களைச் சேர்த்துக்கொள்ள, சர்வதேச நீரளவை அமைப்பு வழிகாட்டுக் குறிப்பே வெளியிட்டிருக்கிறது. 10 படகுகள் ஒரு பருவம் முழுவதும் பதிந்தால், குடாவின் விளிம்பு எங்கே என்று நல்ல தெளிவு கிடைக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: திருகோணமலை கடற்படைத் தளம். பதிந்ததை உங்கள் தொழிலுக்குப் பாவிப்பது வேறு, இணையத்தில் வெளியிடுவது வேறு. வெளியிடுமுன் தேசிய நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவிலும் கடற்படையின் நீரளவைப் பிரிவிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தகட்டுச் சோதனையில் கிடைத்த நான்கு எண்களையும், அடுத்தமுறை இருட்டும் நேரத்தில் திரையை 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த படங்களையும் இங்கே போடுங்கள், தம்பி. ஆழ எல்லை எதில் இருந்தது என்பது படத்தில் தெரியும்படி எடுங்கள். அந்த 70 மீற்றர் மூன்றில் எது என்று அப்போது சொல்லிவிடலாம்.